எனக்கு டேனிஷ் தெரியாது

டென்மார்க்கில் டேனிஷ் பேசுவதற்கு மிகப் பெரிய தடை டேனிஷ்காரர்கள்தான். இதைக் கோபத்தில் சொல்லவில்லை என்று எழுத எனக்கும் ஆசை. ஆனால் கோபத்தில்தான் சொல்கிறேன். ஆசிரியை வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கோபம் அடங்கவில்லை. போன கிழமை இக்காஸ்டில் என் வீட்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் பாண் கேட்டேன். பிழையில்லாத டேனிஷ் வசனம். கடைப் பிள்ளை சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் “வெட்டித் தரவா?” என்று கேட்டது. அந்தப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே நான் இந்த நாட்டு மொழியில் சோதனை எழுதிப் பாஸ் பண்ணியவள்.

அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் எஸ்பியர்க்கில் ஒரு பொங்கல் விழாவுக்குப் போக வேண்டி வந்தது. அங்கே கவிதா என்று ஒரு பிள்ளையைச் சந்தித்தேன். கோயம்புத்தூரில் இருந்து வந்து, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். நானும் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஆன்ட்டி, எங்க ஸ்கூல்ல ஸ்டாஃப் மீட்டிங்கூட எனக்காக இங்கிலீஷ்லதான் நடத்துறாங்க. நான் டேனிஷ் பேச ஆரம்பிச்சா பசங்க இங்கிலீஷ் பேச மாட்டாங்கன்னு பிரின்சிபாலே சொல்றாரு. அப்புறம் நான் எதுக்கு மெனக்கெட்டு டேனிஷ் கத்துக்கணும்?”

“அதிபரே அப்பிடிச் சொன்னவர்?” என்று கேட்டேன்.

“ஆமா ஆன்ட்டி. ரொம்ப நல்ல மனுஷன்.”

“ஓம் பிள்ளை, அவையள் எல்லாரும் நல்ல மனுசர்தான். அதுதான் பிரச்சினை,” என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. அதற்குள் மேடையில் நடனம் தொடங்கிவிட்டது, ஒலிபெருக்கியின் இரைச்சலில் மேலே கதைக்க முடியவில்லை. அவளிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியர் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவள். சண்டை மூண்ட காலத்தில் கணவர் இக்காஸ்டுக்கு வந்து ஒரு துணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு நான் வந்தேன். மொழிப் பள்ளி, துப்புரவு வேலை, முதியோர் இல்லத்தில் வேலை, இரண்டு பிள்ளைகள், அதற்குப் பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. கல்லூரியில் எல்லாப் பாடமும் டேனிஷில்தான். அந்த மொழியை வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது என்று எங்கள் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். அந்தக் கிழங்கு என் வாயில் ஆறி, நான் அதில் கட்டுரை எழுதி, வாய்மொழிச் சோதனையில் நல்ல புள்ளி எடுத்துப் பட்டம் வாங்கினேன்.

வேலைக்கு விண்ணப்பம் போட்டால் மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசியில் இக்காஸ்டில் இருந்து ரயிலில் போய் வரக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு தனியார் பள்ளிக்கூடம் கூப்பிட்டது. அதிபரின் பெயர் ஹென்றிக். இங்கே அதிபரை சேர் என்றோ ஐயா என்றோ கூப்பிட முடியாது. பிள்ளைகளும் ஆசிரியர்களும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அவரை வெறும் ஹென்றிக் என்று கூப்பிட நாக்கு வளைய ஒரு வருடம் எடுத்தது.

ஹென்றிக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருவரையும் அவர் ஏசி நான் கேட்டதில்லை. குரலை உயர்த்த மாட்டார், இல்லை என்று சொல்லவும் மாட்டார். ஒரு சங்கடமான விஷயம் பேச வேண்டுமென்றால், முதலில் எழும்பிப் போய்க் கோப்பி ஊற்றுவார். பிறகு மேசையில் இருக்கிற மெழுகுவர்த்தியைக் கொளுத்துவார், பட்டப்பகலிலும் கொளுத்துவார். பிறகு இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு, “இதை எப்படிப் பார்க்கிறாய்?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அவருடைய பதில்தான் சரியான பதில் என்று நாமாகக் கண்டுபிடிக்கும் வரைக்கும் மெழுகுவர்த்தி எரியும். நான் கத்தோலிக்கப் பெண். மெழுகுவர்த்தியைக் கண்டால் செபிக்கத் தோன்றி வளர்ந்தவள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு மெழுகுவர்த்தியைக் கண்டால் எதற்குத் தலையாட்டப் போகிறேனோ என்றுதான் தோன்றும்.

நேர்முகத்தேர்வுக்கு நான் டேனிஷில் பாடமாக்கிக்கொண்டு போனேன். இரண்டு வசனம் சொல்லியிருப்பேன். அவர் கையைத் தூக்கி, “அருமை, இனி ஆங்கிலத்தில் தொடருவோமா?” என்றார். பிறகு கோப்பி வந்தது. மெழுகுவர்த்தி எரிந்தது.

இனி வருகிற பேச்சுகளில் ஆங்கிலத்தில் நடந்ததை எழுத்துத் தமிழிலும், டேனிஷில் நடந்ததை என் யாழ்ப்பாணத் தமிழிலும் எழுதுகிறேன். டேனிஷில் எல்லோருக்கும் ஒரே ‘நீ’தான். மரியாதைக் குறைவு என்று யாரும் எடுக்க வேண்டாம்.

“எங்கள் மாணவர்கள் சோம்பேறிகள்,” என்றார் ஹென்றிக் ஆங்கிலத்தில். “ஆசிரியருக்கு டேனிஷ் தெரியும் என்றால் ஆங்கிலத்தில் வாயே திறக்க மாட்டார்கள். உனக்கு டேனிஷ் தெரியாது என்று அவர்கள் நினைத்தால் எவ்வளவு நல்லது! வேறு வழியில்லாமல் பேசுவார்கள். நீ பொய் சொல்லத் தேவையில்லை. டேனிஷ் பேசாமல் இருந்தால் போதும். இதை எப்படிப் பார்க்கிறாய்?”

எப்படிப் பார்ப்பது? நிரந்தர ஆசிரியர் வேலை. நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இஞ்சாரும், இவ்வளவு காலமும் டேனிஷ் படிச்சது, டேனிஷ் தெரியாதெண்டு நடிக்கிறதுக்கோ?”

“ஓம்.”

“ஊமை ஊரைக் கெடுக்கும் எண்டு சொல்லுவினம். கவனம்.”

மற்றவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி உழைத்தார்கள். நான் வாயை மட்டும் கட்டி உழைக்கத் தொடங்கினேன்.

முதல் வருடம் சமாளித்தேன். பாடத்தில் ஹென்றிக் சொன்னது நடக்கத்தான் செய்தது. பிள்ளைகள் தட்டுத் தடுமாறி ஆங்கிலம் கதைத்தார்கள். என்னைப் பற்றி டேனிஷில் கதைத்தார்கள். என் சப்பாத்து, என் குளிர்த் தொப்பி, நான் ‘வி’யை உச்சரிக்கிற விதம், எல்லாம் என் காதில் விழும். நான் ஒன்றும் விளங்காதவள் போல யன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நாதன் என்று ஒருவன் அதிபர் மாதிரி டேனிஷில் கதைத்துக் கோப்பி ஊற்றிக் காட்டியபோது மட்டும் சிரிப்பை அடக்க இருமினேன். அன்றைக்கு முழுக்க இருமல்தான்.

கரைச்சல் வேறு இடத்தில் இருந்து வந்தது. பிள்ளைகள் எந்த நேரமும் உள்ளே வரலாம் என்பதால் ஆசிரியர் அறையிலும் என்னோடு ஆங்கிலம்தான். இரண்டாம் வருடத்தில் சக ஆசிரியர்களும் எனக்கு டேனிஷ் தெரியும் என்பதை மறந்துபோனார்கள். வெள்ளிக்கிழமைகளில் முறை வைத்து ஒவ்வொருவர் கேக் கொண்டுவர வேண்டும். என் முறை வந்த கிழமை, எனக்கு முன்னாலேயே இரண்டு பேர் கதைக்கிறார்கள்:

“ரதியின்ர கேக் உறைக்குமோ தெரியாது.”

“உறைச்சாலும் ஆளுக்கு ஒரு துண்டு எடுக்கோணும். பாவம், மனம் நோகும்.”

நான் செய்து கொண்டுபோனது அவர்களுடைய ஊர் ஆப்பிள் கேக். உறைப்பு இல்லை என்று ஆச்சரியப்பட்டு இரண்டு துண்டு சாப்பிட்டார்கள்.

வெளியிலும் நிம்மதி இல்லை. இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னேரங்களில் கடைகளில் வேலை செய்வார்கள். ஒரு சனிக்கிழமை என் மகளோடு பள்ளிக்கூடம் இருந்த ஊர்ச் சுப்பர்மார்க்கெட்டுக்குப் போக நேர்ந்தது. காசாளர் இருக்கையில் என் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஈடா உட்கார்ந்திருந்தாள். நான் ஆங்கிலத்தில் பை கேட்டேன். பக்கத்தில் நின்ற என் மகள் டேனிஷில், கடை முழுக்கக் கேட்க, “அம்மா, ஏன் இங்கிலிஷ் கதைக்கிறாய்? உனக்கென்ன விசரோ?” என்றாள்.

“வாயை மூடு. வீட்டை போய்ச் சொல்லுறன்,” என்றேன் தமிழில். ஈடா தலையைக் குனிந்துகொண்டு பால் பெட்டியை ஸ்கேன் பண்ணினாள். அவள் ஒன்றையும் கவனிக்கவில்லை என்று நினைத்துச் சமாதானப்பட்டேன்.

இந்த ஈடாவைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

உயரமான, அதிகம் கதைக்காத பிள்ளை. சோஃபி என்று ஒரு சிநேகிதி. மழை நாட்களில் இடைவேளைக்கு எல்லோரும் வெளியே விரட்டப்படும்போது இந்த இரண்டும் என் வகுப்பறைக்குள் வந்துவிடும். யன்னலுக்குக் கீழே இருந்த ஹீட்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்து, தங்கள் பாட்டில் டேனிஷில் கதைப்பார்கள். நான் என் மேசையில் கொப்பி திருத்துவேன். தாங்கள் கதைப்பது வளர்ந்த ஒருவருக்கும் விளங்காத இடம் என்று அந்த அறையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அவர்கள் சொல்கிற காதல் கதை, கோபக் கதை எதையும் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஈடாவின் தாயும் தகப்பனும் பிரிந்தவர்கள். இந்த நாட்டில் பிரிந்தவர்கள் பிள்ளைகளை வாரக் கணக்கில் பங்கு போடுவார்கள். ஒரு வாரம் அம்மா வீடு, மறு வாரம் அப்பா வீடு. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பையோடு வந்து, பின்னேரம் மற்ற வீட்டுக்குப் போவார்கள். அந்த முறையைக் குறை சொல்ல நான் யார்? எத்தனையோ பிள்ளைகள் நன்றாகத்தான் வளர்கிறார்கள். ஈடாவுக்கு ஆஸ்கர் என்று ஒரு தம்பி, எங்கள் பள்ளிக்கூடத்திலேயே முதலாம் வகுப்பு. அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் வீடு மாறுவார்கள்.

ஒரு வியாழக்கிழமை, மழை. இரண்டு பேரும் வந்தார்கள். யன்னல் பக்கம் குளிருது என்று ஈடா சோஃபியிடம் சொல்லிக்கொண்டு, என் மேசைக்கு முன்னால் இருந்த வாங்கில் உட்கார்ந்தாள். நான் கொப்பியில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

“அப்பா இண்டைக்குப் பின்னேரம் வந்திடுவார்,” என்றாள் ஈடா டேனிஷில். “திங்கக்கிழமையில இருந்து நாங்கள் ரெண்டு பேரும்தான். நேற்று நான் குளிச்சுக்கொண்டிருக்கேக்க ஆஸ்கர் பாஸ்தா அவிக்கிறன் எண்டு அடுப்பில கை வைச்சிட்டான். கொப்புளம். பற்பசை பூசிவிட்டனான். அழுது அழுது நித்திரையாப் போனான்.”

“அம்மாட்டச் சொன்னியே?” என்று சோஃபி கேட்டாள்.

“சொன்னா அப்பாட்ட இருந்து எங்களை எடுத்துப் போடுவினம்.”

என் கையில் இருந்த சிவப்புப் பேனை ஒரு பிள்ளையின் கொப்பியில் நீளமாக ஒரு கோடு போட்டுவிட்டது. எங்கள் ஊரிலும் நெருப்புச் சுட்டால் பற்பசைதான் பூசுவார்கள். ஆனால் எங்கள் ஊரில் பூசிவிட ஒரு பெரிய ஆளாவது பக்கத்தில் இருக்கும். நாலு நாளாக ஒரு பதினாலு வயதுப் பிள்ளையும் ஏழு வயதுப் பிள்ளையும் தனியே. தகப்பன் ஜெர்மனிக்கு லொறி ஓட்டுகிறவர் என்று எனக்குத் தெரியும். தன் முறை வாரத்திலும் ஓடப் போயிருக்கிறார்.

மணி அடித்ததும் முதலாம் வகுப்புக்குப் போனேன். ஆஸ்கரின் உள்ளங்கையில் டைனோசர் படம் போட்ட பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அதைத் தாண்டியும் சிவப்புத் தெரிந்தது. வகுப்பு ஆசிரியையிடம் காட்டிவிட்டு நேரே ஹென்றிக்கிடம் போனேன்.

அவர் முழுக்கக் கேட்டார். முகம் மாறியது உண்மை. எழும்பிப் போய்க் கோப்பி ஊற்றினார். நெருப்புப் பெட்டியை எடுத்தார்.

“ஹென்றிக், மெழுகுதிரி வேண்டாம்,” என்றேன் டேனிஷில். அந்த அறையில் நான் பேசிய முதல் டேனிஷ் வசனம், நேர்முகத்தேர்வுக்குப் பிறகு.

அவர் கொளுத்தினார். ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். “இது மிகவும் கவலைக்குரியது. ஆனால் ஒரு சிறு சிக்கல் இருக்கிறது. நீ இதைக் கேட்டிருக்க முடியாதே.”

“கேட்டேன்.”

“பெற்றோருக்கு அது தெரியாது அல்லவா? உனக்கு டேனிஷ் தெரியாது என்று எத்தனை கூட்டங்களில் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு காலமும் என்னவெல்லாம் கேட்டாய் என்று எல்லோரும் யோசிப்பார்கள். பிள்ளைகளின் நம்பிக்கை என்ன ஆகும்?”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. என்னை ஊமையாக்கியவர் அவர். இப்போது ஊமை எப்படிக் கேட்டது என்று கேட்கிறவரும் அவர். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. ஒரு பிள்ளையின் நிலைமை பற்றிக் கவலை வந்தால், அதை நகரசபைக்கு அறிவிப்பது அந்த ஆசிரியரின் சொந்தக் கடமை. அதிபரிடம் உத்தரவு கேட்கத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் அந்த நகரசபையைக் கொமூன் என்று சொல்வார்கள். இப்போதே கொமூனுக்கு அழைக்கப் போகிறேன் என்றேன்.

“நிச்சயமாக, அது உன் உரிமை,” என்றார். “ஆனால் முதலில் பெற்றோரோடு ஓர் உரையாடல். நாளை வெள்ளிக்கிழமை, ஆஸ்கரை விடவும் கூட்டிப் போகவும் இருவரும் எப்படியும் வருவார்கள். நீ கையைக் கண்ணால் கண்டாய் அல்லவா? கையைப் பற்றி மட்டும் கேட்போம். அதற்கு டேனிஷ் தேவையில்லை. ஆங்கிலத்திலேயே பேசலாம். இதை எப்படிப் பார்க்கிறாய்?”

பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. தகப்பன் அன்று பின்னேரம் வீட்டுக்கு வருகிறார் என்று கேட்டிருந்ததால் ஒரு நாள் பொறுக்கச் சம்மதித்தேன். கூட்டத்தில் உண்மை வராவிட்டால் அதே இடத்தில் இருந்து கொமூனுக்கு அழைப்பேன் என்றும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை தாய் ஒரு நுனியிலும் தகப்பன் மறு நுனியிலும் உட்கார்ந்தார்கள். நடுவில் மெழுகுவர்த்தி. எனக்காக எல்லோரும் ஆங்கிலம் பேசினார்கள். டேனிஷ்காரர்களின் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். ஆனால் அதில் சங்கடமான விஷயம் எதுவும் வெளியே வராது.

“சூடான கொக்கோ ஊற்றுப்பட்டுவிட்டது,” என்றார் தகப்பன். “சிறுவர்கள்தானே.”

“நீங்கள் அப்போது வீட்டில் இருந்தீர்களா?” என்று கேட்டேன்.

“எல்லாம் கட்டுப்பாட்டில் இருந்தது.”

“நானும் இவரும் நல்ல புரிந்துணர்வோடு இருக்கிறோம்,” என்றாள் தாய்.

ஹென்றிக் கோப்பிக் குடுவையைத் தூக்கிப் பார்த்தார். முடிந்திருந்தது. “ஒரு நிமிடம்,” என்று வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. தாயும் தகப்பனும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நானும் புன்னகைத்தேன். பிறகு அவர்கள் என்னை அந்த அறையில் இருந்த அலுமாரியோடு சேர்த்துவிட்டு, டேனிஷில் தொடங்கினார்கள்.

“திரும்பவும் லொறியோட போனனியே?” என்றாள் தாய், புன்னகை மாறாமல்.

“மறுக்க ஏலாமல் போச்சு. மூண்டு இரவுதானே.”

“உன்ர தங்கச்சி வந்து நிப்பாள் எண்டு சொன்னாய்.”

“திங்கக்கிழமை வந்து பாத்திட்டுப் போனவள். நீ சொல்லிக் கில்லிப் போடாதை. கொமூனுக்குத் தெரிஞ்சா என்னட்ட இருந்து எடுத்துப் போடுவாங்கள்.”

தாய் மெழுகுவர்த்தியைப் பார்த்தாள். “நான் ஏன் சொல்லுறன்? உன்னட்ட இருந்து எடுத்தா என்னட்டத்தானே தருவாங்கள். ஒவ்வொரு கிழமையும் என்னால ஏலாது. நான் இப்ப சேர்ந்திருக்கிற ஆளின்ர பிள்ளையளும் அங்க இருக்கு. இடமில்லை எண்டு உனக்கும் தெரியும்.”

“அப்ப சரி.”

“அப்ப சரி.”

அவ்வளவுதான். சண்டை இல்லை. குரல் உயரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. களைத்துப்போன இரண்டு பேர். ஆனால் அந்த இரண்டு ‘அப்ப சரி’யைக் கேட்டபோது எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

கதவு திறந்தது. ஹென்றிக் ஆவி பறக்கிற குடுவையோடு வந்தார். “எங்கே விட்டோம்?” என்றார் ஆங்கிலத்தில். “நல்ல ஒரு சூழலில் பேசிக்கொண்டிருந்தோம், இல்லையா?”

“பிள்ளைகளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை,” என்றாள் தாய் ஆங்கிலத்தில்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தபோது வந்தது டேனிஷ்.

“ஒரு கிழமை அம்மாவின்ர, ஒரு கிழமை அப்பாவின்ர எண்டு பிரிச்சியள். அப்பா லொறியில, அம்மா வீட்டில இடமில்லை. அப்ப திங்கக்கிழமையில இருந்து நேற்று வரைக்கும் அது ஆரின்ர கிழமை?”

ஹென்றிக் குடுவையை மேசையில் வைக்கப் போய், தட்டின் மேல் வைத்தார். தகப்பனின் கழுத்தில் இருந்து சிவப்பு ஏறியது.

“இவவுக்கு டேனிஷ் விளங்குது,” என்றார் ஹென்றிக்கைப் பார்த்து.

“எல்லாம் விளங்கும்,” என்றேன். “இவ்வளவு காலமும் விளங்கினது. நான் இண்டைக்குக் கொமூனுக்கு அறிவிக்கிறன். நீங்களாகவும் எடுத்துச் சொன்னால் உங்களுக்கு நல்லது. அந்தப் பிள்ளை உங்களைக் காப்பாத்துறதுக்குத் தம்பிக்குப் பற்பசை பூசிக்கொண்டு இருக்குது. அதுக்குப் பதினாலு வயசு.”

தாய் அழத் தொடங்கினாள். ஹென்றிக் கோப்பி ஊற்றினார். அவருக்கு வேறு எதுவும் தெரியாது, பாவம்.

கொமூனுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் பெயர் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கத்தில் இருந்த பெண் மிகவும் அன்பாக, “உனக்கு வசதி என்றால் ஆங்கிலத்தில் பேசலாமே?” என்றாள்.

“இல்லை!” என்று கத்தினேன். “இதை டேனிஷிலதான் கதைப்பம். எழுதிக்கொள்ளு.”

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு நடந்தது அப்படியொன்றும் பயங்கரமாக இல்லை. பிள்ளைகளை ஒருவரும் பறித்துக்கொண்டு போகவில்லை. கொமூனில் இருந்து ஒரு குடும்ப உதவியாளர் வந்து போனார். கொஞ்சக் காலம் தாய் கூடுதல் நாட்கள் வைத்திருந்தாள், இடமில்லாத அந்த வீட்டில் இடம் உண்டாக்கி. தகப்பன் முதலாளியோடு கதைத்துப் பகல் ஓட்டத்துக்கு மாறினார். முதலே கேட்டிருந்தால் முதலே கிடைத்திருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை காலைக் கூட்டம். பள்ளிக்கூடம் முழுக்க மண்டபத்தில் கூடிப் பாட்டுப் பாடிய பிறகு ஹென்றிக் ஒலிவாங்கியை எடுத்தார். என் வேலை போகிறது என்று நான் முடிவு கட்டிக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது இதுதான்:

“எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி. எங்கட ரதி டேனிஷ் படிச்சிருக்கிறா! கொஞ்சக் காலத்துக்குள்ள நல்லா முன்னேறியிருக்கிறா. கை தட்டுவம்.”

மண்டபம் கை தட்டியது. ஆசிரியர்களும் தட்டினார்கள். கேக் கதை கதைத்த இரண்டு பேரும் பிறகு வந்து, என் உச்சரிப்பு மிகவும் நன்றாக இருப்பதாகப் பாராட்டினார்கள். ஒருத்தி, நான் எந்த மொழிப் பள்ளிக்குப் போனேன் என்று கேட்டாள், தன் அயல்வீட்டுக்காரிக்குச் சொல்வதற்காக. அன்றைக்கு ஒரு கேக்கும் வெட்டினார்கள். வீட்டில் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் இரவுச் சாப்பாடு செய்யவில்லை.

இதெல்லாம் பகிடியாகிவிட்டது. ஈடா மட்டும் பகிடியாகவில்லை. அவளும் சோஃபியும் மழை நாட்களில் என் அறைக்கு வருவதை விட்டுவிட்டார்கள். வகுப்பில் கேட்ட கேள்விக்கு நல்ல ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதோடு சரி. அவளுக்கு இருந்த ஒரே அறையை நான்தான் உடைத்துவிட்டேன் என்று எனக்கு நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. செய்தது சரி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் சரியைச் செய்துவிட்டு ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு வருடத்துக்கு மேலே திரிந்தேன்.

இங்கே ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பள்ளி நாளில் பிள்ளைகள் மாறுவேடம் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் முழுக்க டொபி எறிந்துகொண்டு ஓடுவார்கள். ஈடா லொறிச் சாரதி மாதிரி உடுத்தி, மீசை கீறிக்கொண்டு வந்திருந்தாள். அந்த ஆரவாரத்துக்குள் என் அறைக் கதவைத் திறந்து, உள்ளே வந்து, என் மேசையில் ஒரு கை டொபி வைத்தாள்.

“ஈடா,” என்றேன் டேனிஷில், “நீங்கள் கதைச்சதை நான் கேட்டுக்கொண்டு இருந்தது பிழைதான். எனக்கு டேனிஷ் தெரியாதெண்டு நம்பித்தானே கதைச்சனீங்கள்.”

அவள் மீசையோடு என்னைப் பார்த்தாள். பாடம் விளங்காத பிள்ளையை நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

“உனக்கு டேனிஷ் தெரியுமெண்டு ஏழாம் வகுப்பிலயே எங்களுக்குத் தெரியும்,” என்றாள். “நாதன் அதிபர் மாதிரிக் கதைச்சுக் காட்டினதுக்கு நாள் முழுக்க இருமினாய். பிறகு சுப்பர்மார்க்கெட்டில உன்ர மகள் வேற கத்தினாள். எங்களுக்கு அது தெரியாதெண்டு நம்பினது ஹென்றிக் மட்டும்தான்.”

ஹென்றிக்கும் நானும், என்று மனதுக்குள் திருத்திக்கொண்டேன். இத்தனை வருடம் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றது யாருக்காக? இருமியது யாருக்காக? கடையில் பை கேட்டது யாருக்காக? எனக்கு வந்த எரிச்சலில் டொபித் தாளைக்கூடப் பிரிக்க முடியவில்லை.

“பிறகு ஏன் என்னோட கதைக்கேல்லை? ஏன் அறைக்கு வரேல்லை?”

“அழுவனோ எண்டு பயம்,” என்றாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பி நின்றாள். வெளியே அவளைக் கூப்பிட்டார்கள்.

“அண்டைக்கு உன்ர மேசைக்கு முன்னால வந்து இருந்தம், ஞாபகமே?” என்றாள்.

“ஓம். யன்னல் பக்கம் குளிருது எண்டு சொன்னாய்.”

“யன்னலுக்குக் கீழ ஹீட்டர் இருக்கு, ரதி.”